எண்ணிப் பார்த்த பேராசிரியர்

தமிழ் மாணவர்களாகிய நமக்குப் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்னும் பெயர் பெரும்பாலும் கணிதமேதை இராமானுஜனின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் முதன்முதலாக அறிமுகமாகிறது. 1914ஆம் ஆண்டு இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். குளிர் தாங்காமல் மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்துக்கொண்டு உறங்கி வந்தார். அவர் அறைக்கு வந்த ஒரு வங்க இளைஞர், கட்டிலின் விரிப்பை விலக்கி, அடியில் வரிசையாகச் செருகப்பட்டிருந்த கம்பளிகளைக் காட்டி, அவற்றுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அந்த இளைஞரே மகலனோபிஸ். ஒருநாள் இராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் வந்த புதிரை வாசித்தார். ஒரு தெருவின் ஒரு பக்கத்தில் 1 முதல் எண்ணிட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகை வலப்புறத் தொகைக்குச் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். மகலனோபிஸ் முட்டி மோதி விடை கண்டிருந்தார்: 288 வீடுகளில் 204ஆவது. இராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, இத்தகைய விடைகள் அனைத்தையும் தரும் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லிவிட்டார்.

இக்கதையில் மகலனோபிஸ் துணைப்பாத்திரம். ஆனால் நம் நாட்டின் ரேஷன் கடையிலிருந்து ஐந்தாண்டுத் திட்டம் வரை அவருடைய கைபடாத கணக்கு இல்லை என்பது என் துணிபு. ஆதலின் அவர் வரலாற்றைத் தனியே அறிந்துகொள்வது நன்று.

அவர் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் பயின்று 1912இல் தேறினார். மறு ஆண்டு இலண்டன் சென்றார். அங்கேயே படிப்பதாக எண்ணம். கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கிங்ஸ் கல்லூரிக் கோயிலின் அழகில் மயங்கிக் கடைசி இரயிலைத் தவறவிட்டார்; இரவு நண்பர் வீட்டில் தங்கினார்; மறுநாள் அக்கல்லூரியிலேயே இடம் கேட்டுச் சேர்ந்துவிட்டார். கடைசி இரயிலைத் தவறவிட்டால் மாதுங்கா நிலையத்துப் பலகையில் கிடக்கவேண்டிய நமக்கு இது சற்றுப் பொறாமையூட்டும் செய்திதான்.

1915இல் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறி, விடுமுறைக்காக ஊர் திரும்ப ஆயத்தமானார். போர்க்காலமாதலால் கப்பல் தாமதப்பட்டது. கல்லூரி நூலகத்தில் பொழுது போக்கிக்கொண்டிருந்தவரிடம், அவருடைய ஆசிரியர் மெக்காலே ‘பயோமெட்ரிகா’ என்னும் ஆராய்ச்சி இதழைக் காட்டினார். அதை நடத்தியவர் கார்ல் பியர்சன். மகலனோபிஸ் அதன் தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தாவில் இறங்கியபோது அவர் நெஞ்சில் புள்ளியியல் குடிபுகுந்திருந்தது. பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் பணி கிடைத்தது. பின்னர் அவர் இங்கிலாந்துக்குப் போனதெல்லாம் விருந்தினராகவே.

பியர்சனைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லவேண்டும். நாம் முதலாண்டிலேயே வரைந்து பழகும் நிகழ்வுச் செவ்வகப் படத்திற்கு ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டோகிராம்’ என்ற பெயரை 1890களில் இட்டவர் அவரே. படம் எளியது. அளவுகளை வகுப்புகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். அத்தனைக்குத் தக்க பரப்புள்ள செவ்வகத்தை நிறுத்துகிறோம். உயரம் அன்று, பரப்பே கணக்கு. வகுப்புகள் சம அகலமாக இருக்கும் வரையில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. அகலம் மாறினால், உயரத்தை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். வருமானப் பட்டியல்களில் கடைசி வகுப்பு எப்போதும் அகன்று கிடக்கும். அதன் மேல் எண்ணிக்கையையே உயரமாக வைத்து வரைந்தால், செல்வர் கூட்டம் இல்லாத இடத்தில் ஒரு மலை எழும்பிவிடும்.

இப்படத்தைப் படிப்பது வரைவதைவிடக் கடினம். மகலனோபிஸின் முதல் புள்ளியியல் ஆராய்ச்சியே இதைக் காட்டும். 1917இல் ஆசாரியர் பிரஜேந்திரநாத் சீல் வேண்டியதற்கிணங்கக் கல்கத்தாப் பல்கலைக் கழகத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து பழகியிருந்தார். 1920இல் நாகபுரியில் நடந்த விஞ்ஞான மாநாட்டில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் தலைவர் நெல்சன் அன்னாண்டேலைச் சந்தித்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளை அன்னாண்டேல் எடுத்து வைத்திருந்தார். அவற்றை என் செய்வது என்று கேட்டார். அவற்றுள் 200 ஆடவரின் உயரத்தை மகலனோபிஸ் எடுத்துக்கொண்டார். 1922இல் கட்டுரை வெளிவந்தது.

கேள்வி இதுதான்: இரு இனங்கள் கலந்த ஒரு மக்கட்கூட்டத்தின் உயரங்களை அடுக்கினால் ஒரு திமில் தோன்றுமா, இரண்டு தோன்றுமா? கையில் 200 எண்களை வைத்துக்கொண்டு வகுப்பின் அகலத்தை மிகச் சிறிதாக்கினால், படம் இரம்பத்தின் பல்போல் ஆகிவிடும். எங்கு நோக்கினும் திமில்தான். மிகப் பெரிதாக்கினால் ஒரே குன்று. எந்தக் கலப்பும் தெரியாது. வரைபவன் விரும்பிய கதையை அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் சொல்லிவிடலாம் என்ற நிலையில், இந்தத் திமில் உண்மையா, தற்செயலா என்று கேட்கும் கணக்கு வேண்டியிருக்கிறது. பியர்சனின் முறைகள் அதற்கே உதவின. நம் ஊரிலேயே ஒரு காட்டு: தாராவியின் குடிசை வாடகையையும் மாதுங்காவின் மாடி வீட்டு வாடகையையும் ஒரே படத்தில் போட்டால் இரண்டு திமில் வரும், சராசரி அவற்றின் நடுவே உள்ள பள்ளத்தில் விழும். அந்தச் சராசரி வாடகையில் இரண்டு இடத்திலும் வீடு கிடைக்காது.

இந்த இனவளவு ஆராய்ச்சி அவரைப் பல ஆண்டுகள் பற்றிக்கொண்டது. இரு கூட்டங்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைப் பல அளவுகளையும் சேர்த்து ஒரே தொலைவாகக் கூற அவர் வகுத்த டி-வர்க்கம் என்னும் அளவை 1936இல் முழு வடிவம் பெற்றது. பியர்சன் ஆண்டுவந்த முறையில் குறை கண்டு அவர் வகுத்தது அது. ஆசானைப்போல் மதித்தவரோடு இதில் அவருக்கு உடன்பாடு ஏற்படவில்லை. இன்று கணிப்பொறியில் வகைபிரிக்கும் வேலை செய்யும் நண்பர்கள் நாள்தோறும் கையாளும் மகலனோபிஸ் தொலைவு இதுவே.

இடையில் 1933இல் செய்த ஒரு சிறு வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி 1891இல் வங்காளத்துச் சாதிகளின் உடலளவுகளை அச்சிட்டிருந்தார். நாற்பதாண்டுக் காலம் அறிஞர்கள் அவற்றின்மேல் கோட்டை கட்டினார்கள். மகலனோபிஸ் ஒவ்வோர் எண்ணையும் பிற எண்களோடு ஒத்துப் பார்த்து, எவையெவை பிழையானவை என்று கண்டு திருத்தினார். முடிவுகளை விட்டுவிட்டு மூல எண்களுக்கே திரும்பிப் போகும் இப்பொறுமை பெரிது.

செவ்வகப் படத்திற்கு ஒரு குறை உண்டு. எண்களை வகுப்புக்குள் போட்டதும் அவற்றின் முகம் மறைந்துவிடும். மகலனோபிஸ் மறைந்து ஐந்தாண்டு கழித்து, 1977இல் அமெரிக்கரான ஜான் டூக்கி தம் நூலின் வழியாகப் பரப்பிய தண்டு-இலைப் படம் இக்குறையை நீக்குகிறது. வயது 30, 30, 32, 35, 35, 35, 38 என்றால், 3 என்ற தண்டை எழுதி, எதிரே 0 0 2 5 5 5 8 என்று இலைகளை வரிசையாக ஒட்டிவிடுவது. பக்கவாட்டில் பார்த்தால் செவ்வகப் படம். கிட்டப்போய்ப் பார்த்தால் எல்லா எண்களும் அப்படியே. சென்ற ஆண்டு வகுப்புப் பயிற்சிக்காகத் தாராவியில் சில சந்துகளில் வீடு வீடாக வயது கேட்டேன். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து இறங்கிய பகுதி அது, பேச்சுக்குக் குறைவில்லை. ஓர் ஆச்சி, அறுபது என்று போட்டுக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து தண்டு-இலை வரைந்தேன். எல்லாத் தண்டிலும் 0, 5 ஆகிய இலைகளே செழித்துத் தழைத்திருந்தன. 1, 3, 7 எல்லாம் உதிர்ந்த கிளைகள். பத்து பத்தாக வகுப்பிட்ட செவ்வகப் படத்திலோ இதன் சுவடே இல்லை. வெகு அழகான குன்று. இந்திய மக்கட்தொகைக் கணக்கெடுப்பின் வயதுப் பட்டியல்களில் 0இலும் 5இலும் முடியும் வயதுகள் குவிவது எல்லாரும் அறிந்த செய்தி. பிறந்த நாளை எழுதி வைக்க ஆளில்லாத வீடுகளின் வரலாறு அந்த இலைகளில் இருக்கிறது.

மகலனோபிஸின் வாழ்க்கைக்கு வருவோம். 1922 முதல் 1926 வரை அலிப்பூர் வானிலை ஆய்வு நிலையத்திலும் பொறுப்பு வகித்தார். 1922இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம். நீரைத் தேக்கி வைக்கப் பெருஞ்செலவில் நிலைகள் கட்டவேண்டும் என்று பொறியியலறிஞர்கள் கருதினர். ஐம்பதாண்டு மழைக்கணக்கை ஆராய்ந்த அவர், தேக்குவதால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே மருந்து என்று காட்டினார். 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு கரை புரண்டது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்துக என்றனர். அறுபதாண்டுக் கணக்கைப் புரட்டிய அவர், படுகை உயரவே இல்லை, மேல்நிலத்துப் பெருமழையே காரணம், அங்கு அணை வேண்டும் என்றார். அவர் சொன்ன வழியிலேதான் 1957இல் ஹிராகுட் அணை திறக்கப்பட்டது. 2005 ஜூலை 26இன் மழையில் மித்தி ஆறு பொங்கியதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கும் நாம், இந்த இரு ஆராய்ச்சிகளின் விலையை உணரலாம்.

1923இல் நிர்மல்குமாரியை மணந்தார். பெண்ணின் தந்தைக்கு அவருடைய சமாஜக் கருத்துகள் பிடிக்காமையால், தாய்மாமன் முன்னின்று நடத்திய திருமணம் அது. தம்பதியர் இரவீந்திரநாத் தாகூரின் நெருங்கிய நண்பர்களாயினர். 1926இல் கவிஞரோடு ஐரோப்பாவிலும் பயணம் செய்தனர்.

பிரசிடென்சி கல்லூரியின் பேக்கர் கட்டடத்தில், பௌதிகத் துறையின் ஓர் அறையில், சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் நடத்திய கூடமே 1931 டிசம்பர் 17இல் இந்தியப் புள்ளியியல் கழகமாக உருவெடுத்தது. முதலாண்டுச் செலவு 238 ரூபாய். 1933இல் ‘சங்க்யா’ இதழ் தோன்றியது. ஆர். சி. போஸ், எஸ். என். ராய், சி. ஆர். ராவ் போன்றோர் அங்கே உருவானார்கள்.

அவர் நாட்டுக்குச் செய்த பெருந்தொண்டு மாதிரி ஆய்வு. சோற்றுக்குப் பதம் பார்ப்பது நம் வீடுகளில் எல்லாரும் அறிந்ததே. ஆனால் கிளறாத பானையில் ஒரு சோறு ஒன்றும் சொல்லாது. எந்தச் சோற்றை எடுப்பது, எத்தனை எடுப்பது, எடுத்த கையின் பிழை எவ்வளவு என்பதை விஞ்ஞானமாக்கியவர் அவர். 1937இல் வங்காளத்தில் சணல் பயிரிட்ட நிலத்தை அளக்க இம்முறையைத் தொடங்கினார். ஒரே பகுதியை ஒருவரையொருவர் அறியாத இரு குழுக்கள் தனித்தனியே அளக்கும்படி ஏற்பாடு செய்தார். இரு விடைகளும் நெருங்கி நின்றால் நம்பலாம். விலகி நின்றால், அந்த விலகலே பிழையின் அளவு. தன் வேலையைத் தானே சந்தேகித்துக்கொள்ளும் அளவையை வேலைக்குள்ளேயே வைத்துத் தைத்த இந்த ஏற்பாட்டைப்போல் அழகியதொன்றை என் பாடத்தில் நான் இதுவரை காணவில்லை.

1943இல் வங்காளப் பஞ்சம் வந்தது. 15 இலட்சம் பேர் மாண்டதாக 1945இல் விசாரணைக் குழு கூறியது. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் 20 முதல் 30 இலட்சம் என்பர். விளைச்சல் எவ்வளவு என்று கண்ணால் பார்த்து ஊகித்துச் சொல்லும் பழைய முறையையே அரசு நம்பியிருந்த காலம். மகலனோபிஸ் தம் கழகத்தாரோடு 1944-45இல் கிராமங்களை மாதிரியாகத் தேர்ந்து, பஞ்சம் யாரை எப்படி வீழ்த்தியது என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டறிந்தார். மாகாணச் சராசரி ஒன்றும் சொல்லவில்லை. தொழில்வாரியாகப் பிரித்ததும் உண்மை வெளிப்பட்டது: கூலி உழவரும் மீனவரும் போன்ற ஏற்கெனவே மெலிந்திருந்தோரே அடியோடு சாய்ந்தனர்.

விடுதலைக்குப் பின் 1949இல் அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகரானார். 1950 அக்டோபரில் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. முதல் சுற்றில் 1,833 கிராமங்கள். அவற்றில் ஒரு பகுதியின் கணக்கைப் புனேயின் கோகலே நிறுவனம் பார்த்தது. சென்ற வாரம் என்ன உண்டீர்கள் என்று கேட்பதா, சென்ற மாதம் என்ன என்று கேட்பதா? சிறு கேள்விதான், ஆனால் விடைகள் வேறுபட்டன. 1950களின் தொடக்கத்தில் வங்கத்தில் அரிசியை நேரே நிறுத்துப் பார்த்து ஒப்பிட்டார்கள். மாதக் கேள்வியே மெய்க்கு நெருங்கி வந்தது; அதுவே வழக்காயிற்று. 1999-2000ஆம் ஆண்டுச் சுற்றில் இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டதால், வறியவர் தொகை உண்மையிலேயே குறைந்ததா அல்லது கேள்வியால் குறைந்ததா என்று பெரும் வழக்கு நடந்தது. கோடிக்கணக்கானோர் ஏழைகளா அல்லரா என்பது ஒரு வினாத்தாளின் சொல்லமைப்பைப் பொறுத்திருந்தது.

அக்காலத்துக் கதை ஒன்றைச் சி. ஆர். ராவ் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1947 கலவரத்தில் டெல்லிச் செங்கோட்டைக்குள் அகதிகள் அடைக்கலம் புகுந்தனர். உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர்கள் அனுப்பிய பில் எகிறிற்று. உள்ளே சென்று எண்ண முடியாது. புள்ளியியலார் பில்லிலிருந்தே தலைகளை எண்ணினர்: ஒருவர் உண்ணும் அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டு வகுத்தனர். அரிசி மிகுதியான தொகையைக் காட்டியது. உப்பு குறைந்த தொகையைக் காட்டியது. உப்பு மலிவு, அதில் பொய் எழுதி ஆதாயமில்லை. உப்பே உண்மை சொன்னது.

பம்பாய்க்கும் அவரால் நன்மை உண்டு. 1947-48இல் தரக் கட்டுப்பாட்டின் தந்தையாகிய ஷூஹார்ட்டை அவருடைய கழகம் அழைத்து வந்தது. 1950களில் பம்பாய் முதலிய தொழில் நகரங்களில் கழகத்தின் தரக்கட்டுப்பாட்டு நிலையங்கள் அமைந்தன. சென்னையிலும் கோயம்புத்தூரிலும்கூட உண்டு. சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1962இல் பெங்களூரில் தொடங்கிய ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையமும் அக்கழகத்தின் கிளையே.

அவரைக் குறைகூறுவோரும் பலர். அதை மறைப்பது முறையன்று. கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அவருடைய கணிதத்தின்மேல் எழுந்தது. 1955இல் பி. ஆர். ஷெனாய் மாறுபட்ட குறிப்பு எழுதினார். மறு ஆண்டு நமது பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் சி. என். வக்கீலும் பி. ஆர். பிரம்மானந்தாவும், எஃகைவிட உழைப்பாளிக்கு வேண்டிய உணவும் உடையுமே முதலில் பெருகவேண்டும் என்று ஒரு நூலே எழுதினர். 1960களில் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த நாட்டை நினைத்தால், நம் பேராசிரியர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது. போஸும் ராயும் 1950ஐ ஒட்டி அமெரிக்கா சென்றுவிட்டதும் கழகத்துக்கு இழப்பே. ஆனால் திட்டத்தைக் குறைகூறுவோரும் தம் வாதத்துக்கு அவர் திரட்டிய புள்ளிகளையே எடுத்தாளுகின்றனர்.

முதுமையிலும் செவ்வகப் படத்தின் பழைய கேள்வி அவரை விடவில்லை. இரண்டு ஆண்டுகளின் குடும்பச் செலவை ஒப்பிடவேண்டும். இடையில் விலைவாசி ஏறிவிட்டது. ரூபாய்க் கணக்கில் வகுத்த வகுப்புகள் இப்போது ஒத்துவரா. 1950களின் இறுதியில் அவர் வகுத்த முறை இது: குடும்பங்களை ஏழ்மை தொடங்கிச் செல்வம் வரை வரிசையில் நிறுத்துக, அகலத்தைச் சமமாக்காமல் ஆட்தொகையைச் சமமாக்கிப் பத்துக் கூறிடுக, ஒவ்வொரு கூறும் எவ்வளவு தானியம் வாங்குகிறது என்று புள்ளியிட்டுக் கோடிழுக்க. தனித்தனியே எடுத்த இரு மாதிரிகளுக்கும் இரு கோடுகள். நடுவே உள்ள பரப்பு பிழை. ஆண்டுக்கு ஆண்டு கோடு நகர்ந்த பரப்பு, பிழைப்பரப்பை மிஞ்சினால்தான் மாற்றம் மெய். கடையிலுள்ள பத்தில் ஒரு பங்கு மக்கள் அப்படத்தில் எப்போதும் இடப்பக்க முதல் புள்ளியாக நிற்பார்கள். சராசரிக்குள் கரைய மாட்டார்கள். நாட்டு வருமானம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று ஆராய 1960இல் அமைந்த குழுவுக்கு அவரே தலைவர்; செல்வம் சிலரிடம் திரண்டிருப்பதை அதன் அறிக்கை 1964இல் எடுத்துக் காட்டியது.

1945இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார்; 1968இல் பத்ம விபூஷண் பெற்றார். 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்பு, கல்கத்தாவில் காலமானார். 2007 முதல் ஜூன் 29 புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பராநகரில் கழகத்தின் வளாகத்துக்குள் அவரும் நிர்மல்குமாரியும் வாழ்ந்த ‘அம்ரபாலி’ என்னும் இல்லம் இன்றும் இருக்கிறது.